பழவேற்காடு பகுதியில் காலநிலை மாற்றமும் காய்கறி வேளாண்மையும்

தமிழ்நாட்டின் வடகிழக்கு முனையில், பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலும் அவற்றை அடுத்துள்ள பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரச் சிற்றூர்களிலும் காலநிலை மாற்றம் காய்கறி வேளாண்மைக்கு ஏற்படுத்தும் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது. வெப்பநிலை உயர்வு, மழைப்பொழிவின் ஒழுங்கின்மை, கடல்மட்ட உயர்வு ஆகிய மூன்றும் இப்பகுதியில் ஒன்று சேர்ந்து செயற்படுகின்றன. இவற்றுள் முதன்மையானது நீரிலும் மண்ணிலும் உப்பு மிகுதலாகும். உப்பின் அளவே இங்கு ஏரியின் மீன்வளத்தையும் தோட்டத்தின் விளைச்சலையும் ஒருங்கே தீர்மானிக்கிறது.

அமைவிடமும் இயற்கை அமைப்பும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஏரியின் நீளம் ஏறத்தாழ 60 கி.மீ. ஆகும், ஆழம் பெரும்பாலான இடங்களில் ஓரிரு மீட்டரே. சிறீஹரிக்கோட்டா தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கி ஆறும் ஏரிக்கு நன்னீர் கொண்டு வருகின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனூடே செல்கிறது. பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரத்தின் வழியே கடல் நீர் ஏரிக்குள் வந்து செல்கிறது.

ஏரி நீரின் உப்புத்தன்மை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து சேர்வதால் உப்பு மிகவும் குறைகிறது. கோடையில் நீர் ஆவியாவதாலும், மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிடுவதாலும் ஏரி நீர் சில இடங்களில் கடல் நீரைவிட உப்பு மிகுந்ததாக மாறுகிறது.

மக்களும் வாழ்வாதாரமும்

ஏரியின் கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள மணல்திட்டுகளிலும் மீனவக் குப்பங்கள் பல உள்ளன. கோட்டைக்குப்பம், நடுவூர்க்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவை இறால் பிடிப்பதற்கான மரபுவழிப் 'பாடு' முறைக்குப் பெயர் பெற்றவை. ஏரியில் வலை இடும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பாடு எனப்படுகிறது. ஏரியில் கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

குப்பங்களின் நிலம் மணற்பாங்கானது. ஆதலால் அங்குப் பெருமளவில் காய்கறி பயிரிடப்படுவதில்லை. வீட்டுப் புறக்கடையில் முருங்கை, பூசணி, அவரை, கீரை போன்றவற்றை வளர்ப்பதோடு அது நின்றுவிடுகிறது. ஏனைய காய்கறிகள் மேற்கேயுள்ள வேளாண் சிற்றூர்களிலிருந்தும், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்தும் வருகின்றன. மேற்குப் பகுதியில் நெல்லே முதன்மைப் பயிராகும். கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை வகைகள் முதலியன பயிராகின்றன.

மீன் விற்ற பணத்தில் காய்கறி வாங்கும் குடும்பங்களுக்கு இந்தத் தோட்டங்கள் நெடுந்தொலைவில் இல்லை. புயல் எச்சரிக்கையின் காரணமாகப் படகுகள் கரையில் நிற்கும் நாள்களிலேயே தோட்டங்களில் நீர் தேங்கிக் காய்கறி விலையும் உயர்கிறது. வருமானம் குறைவதும் செலவு கூடுவதும் ஒரே வாரத்தில் நிகழ்கின்றன. எனவே காய்கறி விளைச்சலின் வீழ்ச்சி உழவரை மட்டுமன்றி மீனவர் வீட்டு உணவையும் பாதிக்கிறது.

காலநிலையில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள்

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது. 2006–2018 காலப்பகுதியில் இவ்வுயர்வு ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்னும் வேகத்தை எட்டியது. வெளியேற்றம் மிகக் குறைவாக இருப்பின் 2100-ஆம் ஆண்டளவில் 0.28 முதல் 0.55 மீட்டர் வரையிலும், மிக அதிகமாக இருப்பின் 0.63 முதல் 1.01 மீட்டர் வரையிலும் கடல்மட்டம் உயரலாம் என அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901–2018 காலத்தில் சுமார் 0.7 °செ. உயர்ந்தது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951–2015 காலத்தில் சுமார் 1 °செ. உயர்ந்தது.

பழவேற்காடு பகுதி, தன் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. அண்மைக் காலத்தில் இப்பருவமழை ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே பெரிதும் வேறுபட்டுள்ளது.

* 2015: நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது.
* 2016: தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது.
* 2018–2019: பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து 2019 கோடையில் சென்னையும் சுற்றுப்புறமும் கடும் நீர்ப்பஞ்சத்துக்கு உள்ளாயின.
* 2021: நவம்பரில் வட தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மிகக் கனமழை பெய்தது.
* 2023: டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாங் புயல் சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்து பெருமழை தந்தது. டிசம்பர் 5-இல் அது ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது.

தனியொரு புயலையோ வறட்சியையோ காலநிலை மாற்றத்தின் நேரடி விளைவு எனக் கூறிவிட முடியாது. ஆயினும் வெப்பமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்குகிறது. வெப்பநிலை 1 °செ. உயரும்போது அத்தாங்குதிறன் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பெய்யும் மழை குறைந்த நாள்களில் கொட்டித் தீர்ப்பதற்கும், இடையிலுள்ள வறண்ட நாள்கள் நீள்வதற்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

நிலத்தடி நீர் உவர்ப்பாதல்

கடற்கரையோர நிலத்தடியில் நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. இவ்விரண்டின் எல்லையைக் கைபென்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு என்னும் எளிய விதி விளக்குகிறது. இதன்படி நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். நன்னீர் மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், கீழேயுள்ள கடல் நீர் 20 மீட்டர் மேலேறும். கிணற்றில் சிறிதளவு நீர் குறைந்தாலும் உப்பு விரைந்து ஏறுவதன் காரணம் இதுவே.

இதன் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு மீஞ்சூர் ஆகும். ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் வடிநிலத்தில் 1960களின் இறுதியில் சென்னை மாநகரின் தேவைக்காகக் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. மாநகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேளாண்மைக்கும் பெருமளவு நீர் இறைக்கப்பட்டதால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே சென்றது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த உவர்நீர் எல்லை, அடுத்துவந்த பத்தாண்டுகளில் மேலும் பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்தது. நீர் இறைப்பைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் செயற்படத் தொடங்கியது.

மீஞ்சூர்ப் பகுதியில் உப்பேறியதற்கு முதற்காரணம் மிகுதியான நீர் இறைப்பேயன்றிக் காலநிலை மாற்றம் அன்று. எனினும் காலநிலை மாற்றம் இந்நிலையை மேலும் மோசமாக்குகிறது. கடல்மட்டம் உயர்வதால் கடல் நீரின் அழுத்தம் கூடுகிறது. மழை குறைந்த ஆண்டுகளில் ஊற்று குன்றி, இறைப்பு மிகுகிறது. சில நாள்களில் கொட்டும் பெருமழையோ நிலத்தில் ஊறாமல் வெள்ளமாகக் கடலில் கலக்கிறது.

நிலத்தின் மேற்பரப்பில் படியும் உப்பிற்கும் நிலத்தடியில் சேரும் உப்பிற்கும் வேறுபாடு உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஏற்பட்ட ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடல் நீர் புகுந்த வயல்கள் பல, அடுத்தடுத்த பருவமழைகளில் உப்பு கழுவப்பட்டு ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பயிருக்கு ஏற்றனவாயின. நிலத்தடி நீர்த்தேக்கத்தில் புகுந்த உப்பு அவ்வாறு எளிதில் நீங்குவதில்லை. அதனை வெளித்தள்ளப் பல்லாண்டுக் கால நன்னீர் ஊற்று தேவைப்படும்.

காய்கறிப் பயிர்கள்மீது தாக்கம்

உப்பு

மண்ணில் உப்பு மிகும்போது வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது, இலை ஓரங்கள் கருகுகின்றன, காய்கள் சிறுக்கின்றன. மண்ணின் உப்பு, அதன் நிறைவுச் சாற்றின் மின்கடத்துதிறனால் அளக்கப்படுகிறது. இதன் அலகு டெசிசீமன்/மீட்டர் ஆகும். கடல் நீரின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 50 ஆகும். மண்ணின் அளவு 4-ஐத் தாண்டினால் அது உவர்மண் எனப்படுகிறது. பயிர்களின் தாங்குவரம்பும், வரம்பைத் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் ஏற்படும் விளைச்சல் இழப்பும் வேளாண் அறிவியலில் பரவலாகப் பயன்படுத்தப்படும் அட்டவணைகளில் பின்வருமாறு தரப்பட்டுள்ளன.

* பீன்சு: வரம்பு 1.0, இழப்பு 19 விழுக்காடு
* கத்தரி: வரம்பு 1.1; இழப்பு 6.9 விழுக்காடு
* வெங்காயம்: வரம்பு 1.2, இழப்பு 16 விழுக்காடு
* முள்ளங்கி: வரம்பு 1.2, இழப்பு 13 விழுக்காடு
* மிளகாய்: வரம்பு 1.5, இழப்பு 14 விழுக்காடு
* தக்காளி: வரம்பு 2.5, இழப்பு 9.9 விழுக்காடு
* பீட்ரூட்: வரம்பு 4.0, இழப்பு 9 விழுக்காடு
* தட்டைப்பயறு: வரம்பு 4.9, இழப்பு 12 விழுக்காடு
* கொத்தவரை: வரம்பு 8.8, இழப்பு 17 விழுக்காடு

எடுத்துக்காட்டாக, மண்ணின் அளவு 4 ஆக உள்ள தோட்டத்தில் பீன்சு விளைச்சலில் பாதிக்கும் மேல் இழப்பாகும். வெங்காயத்தில் ஏறத்தாழ 45, மிளகாயில் 35, கத்தரியில் 20, தக்காளியில் 15 விழுக்காடு இழப்பு ஏற்படும். பீட்ரூட், தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவற்றில் இழப்பு இராது. நாள்தோறும் சமையலில் சேரும் காய்கறிகளுட் பல உப்பைத் தாங்காதவை என்பது இப்பட்டியலால் விளங்கும். மண்ணின் தன்மை, பயிர் வகை, பாசன முறை ஆகியவற்றுக்கேற்ப இவ்வளவுகள் மாறக்கூடும்.

வெப்பம்

தக்காளியில் பகல் வெப்பநிலை 35 °செ.-ஐத் தாண்டும்போது மகரந்தம் வலுவிழக்கிறது. பூக்கள் காய்க்காமலே உதிர்கின்றன. இரவும் வெப்பமாக இருப்பின் இழப்பு மேலும் கூடுகிறது. மிளகாயிலும் வெப்பத்தால் பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. கோடையில் 40 °செ.-ஐத் தாண்டும் நாள்கள் இச்சமவெளியில் புதியன அல்ல. அத்தகைய நாள்கள் மிகும்போது காய் பிடிக்கும் காலம் சுருங்குகிறது. வெப்பம் ஆவியாதலையும் கூட்டுவதால் பாசனத்துக்குக் கூடுதல் நீர் வேண்டும். அந்நீர் உவர்நீராக இருப்பின் ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும் மண்ணில் எஞ்சும் உப்பும் கூடுகிறது.

நீர் தேங்குதல்

கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலமாதலால் பெருமழைக் காலத்தில் வெள்ளம் வடிவது கடினம். ஏரியும் கடலும் நிறைந்து நிற்கும் வேளையில் வாய்க்கால்கள் பின்வாங்குகின்றன. தக்காளி, மிளகாய் போன்ற பயிர்களின் வேர்கள் காற்றின்றி ஓரிரு நாள்களிலேயே பாதிப்படைகின்றன. நாற்றங்காலும் கீரைப்பாத்தியும் முதலில் அழிகின்றன.

பூச்சிகளும் நோய்களும்

வெப்பமும் வறட்சியும் வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் ஏற்றவை. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. மிளகாயில் இலைப்பேன் தாக்கத்தால் இலைகள் சுருள்கின்றன. இதற்கு மாறாக, நீண்ட ஈரக்காலம் வேரழுகலையும் பூஞ்சை நோய்களையும் வளர்க்கிறது.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு

மேலோட்டமாகப் பார்த்தால் மீனவரின் தேவையும் உழவரின் தேவையும் எதிரெதிரானவை. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். தோட்டக் கிணறுகளுக்கோ கடல் நீர் உள்ளே வராதிருத்தல் நலம். ஆயினும் இரு சாராருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அது ஆறுகளில் வரும் நன்னீராகும். ஆரணியாற்றில் நீர் வந்தால் கிணறுகள் ஊறும். ஏரியின் உப்பு தணியும். வெள்ளத்தின் வேகம் முகத்துவாரத்து மணலையும் அரித்துச் செல்லும். நன்னீர் குறைந்தால் கிணறும் ஏரியும் ஒருசேர உவர்க்கின்றன.

இத்தொடர்பைப் பிற உவர்நீர் ஏரிகளின் பட்டறிவும் காட்டுகிறது. கேரளத்தின் குட்டநாட்டில், நெல்வயல்களில் உப்பு புகாமல் தடுக்க வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970களில் கட்டப்பட்டது. நெற்பயிர் காக்கப்பட்டது, ஆனால் மீன்களின் இடப்பெயர்வு தடைப்பட்டு மீன்வளம் குன்றியது. சிலிக்கா ஏரியில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின்னர் மீன்வளம் மீண்டது. கேரளத்தின் பொக்காளி நிலங்களில் மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் நெல்லும், நீர் உவர்க்கும் காலத்தில் இறாலும் விளைவிக்கப்படுகின்றன. உப்பை முற்றிலும் தடுப்பதைவிட, அது வரும் காலத்தையும் அளவையும் அறிந்து பயன்படுத்துவதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தகவமைப்பு நடவடிக்கைகள்

* நீர் செறிவூட்டல்: ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. ஏரிகளையும் குளங்களையும் தூர்வாருவது வெள்ளத்தைத் தேக்கவும் நிலத்தடி நன்னீரின் மட்டத்தை உயர்த்தவும் உதவும். எனினும் ஆற்று நீர் முழுவதையும் மேற்புறத்திலேயே தேக்கிவிட்டால் ஏரிக்குச் சேரவேண்டிய நன்னீர் குறைந்துவிடும்.
* நுண்ணீர்ப் பாசனம்: சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாடு அரசு சிறு, குறு உழவருக்கு மானியம் வழங்குகிறது. இது நீர்த் தேவையைக் குறைக்கிறது. ஆனால் சொட்டுநீர் நனைக்கும் பகுதியின் ஓரத்தில் உப்பு சேர்வதால், மழை நீராலோ நன்னீராலோ அதனை அவ்வப்போது கழுவ வேண்டும்.
* மூடாக்கும் மேட்டுப்பாத்தியும்: வைக்கோல், காய்ந்த இலை முதலியவற்றால் மண்ணை மூடுவது ஆவியாதலைக் குறைத்து, உப்பு மேலேறுவதையும் தடுக்கிறது. மேட்டுப்பாத்தி மழைக்காலத்தில் வேர் அழுகாமல் காக்கிறது.
* பயிர்த் தேர்வு: கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட் போன்றவை ஓரளவு உவரான மண்ணிலும் விளையும். உமரி, பருப்புக்கீரை ஆகியவை உப்பைத் தாங்கும் கீரைகள். உமரி உவர்நிலத்தில் தானாகவே முளைப்பது. உப்பு தாங்கும் செடிகளைப் பயிரிடுவது குறித்து, 1988-இல் சென்னையில் நிறுவப்பட்ட மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேதாரண்யத்தில் பணிகளை மேற்கொண்டுள்ளது.
* மண் ஆய்வு: உவர்மண்ணும் களர்மண்ணும் வேறானவை. ஜிப்சம் இடுவது சோடியம் மிகுந்த களர்மண்ணுக்கே பயன்தரும். வெறும் உவர்மண்ணுக்கு நன்னீரால் கழுவுதலும் வடிகாலுமே தீர்வாகும். ஆய்வு செய்யாமல் ஜிப்சம் இடுவது வீண்செலவாகலாம்.
* வீட்டுத்தோட்டம்: குப்பங்களில் கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்தும், தொழு உரம் கலந்த மண்ணைச் சாக்கிலோ தொட்டியிலோ இட்டும் கீரை வளர்க்கலாம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது.
* அரசுத் திட்டங்கள்: தமிழ்நாடு அரசு 2021-இல் பசுமைக் காலநிலை நிறுவனத்தை உருவாக்கியது. 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது.

வரம்புகள்

மேற்கூறிய முறைகள் ஒரு தோட்டத்தின் இழப்பைக் குறைக்க வல்லவை. எனினும் உவர்நீர் எல்லையைத் தனியொருவர் தடுத்துவிட முடியாது. ஒருவர் இறைப்பைக் குறைத்தாலும் அடுத்த கிணற்றில் இறைப்பு தொடர்ந்தால் உப்பு இருவருக்கும் வரும். அதனால் நிலத்தடி நீர் ஊர்ப் பொதுவாக நோக்கப்பட வேண்டியதாகிறது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை இப்பகுதியில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வருகிறது. கிணற்று நீருக்கு அத்தகைய மரபு ஏதும் இங்கு வேரூன்றவில்லை. கோடையில் யார், எவ்வளவு நீர் இறைப்பது என்னும் வினாவுக்கு விடை காண்பதைப் பொறுத்தே இப்பகுதியில் காய்கறி வேளாண்மையின் எதிர்காலம் அமையும் எனலாம்.

இவற்றையும் பார்க்க

* பழவேற்காடு ஏரி
* ஆரணியாறு
* புவி சூடாதல்
* கடல்மட்ட உயர்வு
* சிலிக்கா ஏரி
* சொட்டுநீர்ப் பாசனம்